ஊதா வீடு

சாண்ட்ரா சிஸ்நேரோஸ் 1954இல் சிகாகோவில் பிறந்தவர். ஆறு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண். அப்பா மெக்சிகோக்காரர், சோபாவுக்கு மெத்தையும் உறையும் தைக்கிற தொழில். அவருக்கு மெக்சிகோ சிட்டி ஏக்கம் வந்தால் குடும்பமே மூட்டை கட்டும். திரும்பி வந்தால் சிகாகோவில் வேறொரு வாடகை வீடு.

பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப அப்பா தயங்கவில்லை. அங்கே நல்ல மாப்பிள்ளை அமைவான் என்பது அவர் கணக்கு. நான்கு வருடப் பட்டப்படிப்பு முடிந்தது, அதற்கு மேலும் இரண்டு வருடம் படித்தாயிற்று; மாப்பிள்ளையைக் காணோம். படித்ததெல்லாம் வீண் என்று அவர் அங்கலாய்த்ததை மகளே எழுதியிருக்கிறார்.

அந்த மேற்படிப்பு, பேர்பெற்ற அயோவா எழுத்துப் பட்டறையில். ஒருநாள் பிரெஞ்சுத் தத்துவவாதி பாஷ்லாரை முன்வைத்து வீடு, பரண், நினைவு என்று வகுப்பு உயரப் பறந்துகொண்டிருந்தது. இவர் அறிந்த வீடுகளில் பரண் ஏது? படுக்கவே இடம் தேட வேண்டும். அந்த எரிச்சலில் பிறந்தது, தன் வீட்டைக் காட்ட வெட்கப்படும் சிறுமியின் கதை: ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’. 1984இல் ஹூஸ்டனில் ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்டது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் அதைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அப்பா இவர் கதையொன்றை ஸ்பானிஷில் வாசித்தது பிற்பாடுதான். சிரித்து ரசித்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க இன்னும் பிரதிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். விருதுப் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை.

அந்தப் பட்டியலில் இருப்பது 1995இன் மெக்கார்தர் நல்கை. அதற்குள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் சொந்த வீடும் வாய்த்திருந்தது. அதுவும் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வணிகர்கள் மாளிகை எழுப்பிய கிங் வில்லியம் பகுதியில். 1997இல் வீட்டுக்கு ஊதா வண்ணம் அடித்தார். வந்தது வினை. இவருடைய கவிதைகளைவிட நான் அதிகம் பேரிடம் சொன்னது இந்தப் பெயின்ட் விவகாரத்தைத்தான். இந்த நிறத்துக்கு வரலாற்று ஆதாரம் இல்லை, அனுமதியும் வாங்கவில்லை என்றது நகரத்தின் பாரம்பரியக் குழு. எங்கள் மக்களின் வீடுகளை யார் பதிவு செய்தார்கள், ஆதாரம் காட்ட என்று இவர் திருப்பிக் கேட்டார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு வருடம் இழுபறி. அதற்குள் டெக்சாஸ் வெயில் ஊதாவை வெளுக்கவைத்துவிட, வெளிறிய நிறம் பாரம்பரியத்துக்கு ஏற்றதே என்று குழு ஒத்துக்கொண்டது. கவிஞரின் வாதத்துக்கு மசியாதவர்கள் வெயிலுக்கு மசிந்தார்கள்.

பிறகு அவர் அந்த வீட்டையும் விட்டு, மெக்சிகோவின் சான் மிகுவெல் தெ அயெந்தேயில் குடியேறினார். 2016இல் ஒபாமா கையால் அமெரிக்காவின் தேசியக் கலைப் பதக்கம் வாங்கியபோது அவருடைய முகவரி, அப்பா விட்டு வந்த நாட்டில் இருந்தது.