மாவு அக்கா வீட்டுக்காரர்

கோயம்புத்தூர் வடவள்ளியில் என் மனைவி இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். ஊறப்போடுவது, அரைப்பது, அள்ளிக் கொடுப்பது, காசு வாங்குவது எல்லாம் அவள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு அவள் ஒதுக்கியது தகவல் ஒலிபரப்புத் துறை. அதாவது, கடையின் செல்போன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடு முழுக்கக் கிரைண்டர் செய்து அனுப்புகிற ஊர் இது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கல்யாணச் சீரில் கிரைண்டர் வராத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அங்கே போய் மாவு விற்பதாவது என்று நானும் ஆரம்பத்தில் கேட்டேன். "வீட்டுக்கு வீடு கிரைண்டர் இருக்குதுங்க. அதைக் கழுவறதுக்குத்தான் ஆளில்லை" என்றாள். சந்தை ஆய்வு என்று பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்வதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இந்த வியாபாரத்துக்கு எல்லை ரொம்பச் சின்னது. சாயங்காலம் அரைத்த மாவு மறுநாள் காலை இட்லிக்கு. சித்திரை வெயிலில் அதற்குக்கூடப் பொறுமை இருக்காது. ராத்திரியே பொங்கிப் பாக்கெட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆக, போசியை வீசிக்கொண்டு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்தான் எங்கள் வாடிக்கையாளர். அதைத் தாண்டியவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பார்வையாளர்தான்.

இது என் மச்சான் மகனுக்குப் புரியவில்லை. டிக்டாக் காலத்திலேயே ஆடிப் பழகியவன். 2020 ஜூன் கடைசியில் அதைத் தடை செய்தார்கள். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து அவனைத் தத்தெடுத்துக்கொண்டது. "மாமா, அத்தை மாவு அள்ளறதை ஸ்லோமோஷன்ல எடுத்துப் போடறேன், பாருங்க" என்றான். போட்டான். உளுந்து மாவு மேகம் போல இறங்க, பின்னணியில் யாரோ ஒரு கதாநாயகனுக்கு அடித்த இசை. லைக் குவிந்தது. துபாயிலிருந்து இதயம், கோலாலம்பூரிலிருந்து தீ, டொரண்டோவிலிருந்து 'மிஸ்ஸிங் ஹோம்'. ராத்திரி கடை அடைக்கும்போது என் மனைவி மீந்த மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "டொரண்டோக்காரருக்கு எத்தனை கிலோங்க?"

அவன் விடவில்லை. காசு கட்டினால் நம் கடையைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டுவார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் வடவள்ளியில் குத்துமதிப்பாக வட்டம் போட்டால் மருதமலை அடிவாரம் வரை உள்ளே வந்துவிடுகிறது. பணம் கொடுத்து நாங்கள் பிடித்த நிலத்தில் ஒரு பங்கு காடு. அங்கே வசிக்கும் யானைகள் அவ்வப்போது ஊருக்குள் வருவது உண்மைதான். ஆனால் விளம்பரம் பார்த்து வருவதில்லை.

அடுத்து வாட்ஸப் பிசினஸ். 2018இல் வந்த இந்தச் செயலியில், நாம் தூங்கும்போது அதுவே பதில் அனுப்பும் வசதி இருக்கிறது. மச்சான் மகன் செந்தமிழில் ஒன்றை எழுதி ஏற்றினான்: "வணக்கம். தங்கள் செய்தி கிடைத்தது. எங்கள் பிரதிநிதி விரைவில் தங்களைத் தொடர்புகொள்வார்." பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் ஆறு மணிக்கு, "மாவு இருக்குதா கண்ணு?" என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். பிரதிநிதி பதில் வந்திருக்கிறது. பாட்டி பேரனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மறுபடி பேசினார்: "யாருப்பா அந்தப் பிரதிநிதி? நான் உங்க கடை வாசல்லதான் நிக்கறேன். கதவைத் திறக்கச் சொல்லு." அன்றே பிரதிநிதியை வேலையிலிருந்து நீக்கினோம்.

ஆனால் அதே வாட்ஸப்பில் ஒரு விதி எனக்குப் பிடித்திருந்தது. பிராட்காஸ்ட் என்று ஒரே செய்தியைப் பல பேருக்கு அனுப்பலாம்; ஒரு பட்டியலுக்கு 256 பேர். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நம்மிடம் அவர் எண் இருப்பதில் ஒரு பெருமையும் இல்லை. நம்மை அவர் எழுதி வைத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. எனவே வருகிறவர்களிடமெல்லாம் "எங்க நம்பரைப் பதிஞ்சுக்கங்க" என்று கேட்டுக்கொண்டேன். எந்தப் பெயரில் பதிகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். 'மாவு அக்கா'. 'மாவு வடவள்ளி'. 'புளிக்காத மாவு'. ஒருவர் வெறுமனே 'இட்லி'. பலகையில் பெயிண்டரை வைத்துப் பெரிதாக எழுதிய கடைப் பெயரை ஒருவர்கூடப் போடவில்லை. என் சொந்த எண்ணை வாங்கிக்கொண்ட ஒரு புண்ணியவான் 'மாவு அக்கா வீட்டுக்காரர்' என்று பதிந்துகொண்டார். முப்பது வருடம் அரசாங்கத்துக்குக் கோப்பு எழுதியவனுக்குக் கடைசியில் கிடைத்த பதவி.

பட்டியல் தயாரானதும் என் கைவரிசையைக் காட்டினேன். தினம் காலை பூ, சூரியன், பொன்மொழி, கீழே மாவு விலை. மார்ச் 30 உலக இட்லி தினத்துக்கு வாழ்த்து மடல்கூட அனுப்பினேன். "நம்ம வீதியில தினமும் அதே தினம்தானுங்களே" என்றாள் மனைவி. அவள் சொன்னது சரி. நீல டிக் விழுவது நாளுக்கு நாள் குறைந்தது.

திருப்பம் மின்வாரியத்தால் வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று செய்தித்தாளில் பட்டியல் வந்தது. அதில் எங்கள் பகுதியும் இருந்தது. பூவும் சூரியனும் இல்லாமல் அதை மட்டும் தட்டி அனுப்பினேன். சற்று நேரத்தில் பட்டியல் முழுக்க நீலம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "அதுக்குக் கீழ ஒரு வரி போடுங்க. இன்னைக்கு ராத்திரியே மாவு அரைச்சு வெச்சிருவோம்னு" என்றாள். கரண்ட் இல்லாத நாளில் வீட்டுக் கிரைண்டர் ஓடாது. எங்களுடையதும் ஓடாது, ஆனால் நாங்கள் முந்தின ராத்திரியே ஓட்டிவிடுவோம். அன்று மாவு மீந்துபோகவில்லை. எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு உப்புமா.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. குழாயில் தண்ணீர் எப்போது வரும், எந்தத் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், பூட்டின் மேலேயே மறந்துவிட்டுப்போன சாவிக்கொத்து யாருடையது. இப்படி ஒரு செய்தி, அதன் கீழே ஒரு வரி மாவு. மாவுக்காக யாரும் போனைத் திறப்பதில்லை, தண்ணீருக்காகத் திறப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க மார்க்கெட்டிங் படித்திருக்க வேண்டியதில்லை. டீக்கடையில் ஏன் செய்தித்தாள் போடுகிறார்கள் என்று யோசித்தால் போதும்.

சண்டையை மட்டும் போனில் நடத்துவதில்லை. இது மனைவி போட்ட சட்டம். கூகுளில் ஒருவர் எங்களுக்கு ஒரே நட்சத்திரம் கொடுத்து, "மாவு அருமை. பார்க்கிங் வசதி இல்லை" என்று எழுதினார். மூன்றாவது வீட்டுக்காரர். நான் பதில் எழுத விரலைச் சொடுக்கினேன். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். சாயங்காலம் அவர் வண்டியோடு வந்தபோது, "அண்ணா, இனிமே வண்டியை நம்ம வீட்டு கேட்டுக்குள்ள விட்டுக்கங்க" என்றாள். மறுநாளிலிருந்து மனிதர் நடந்து வருகிறார். நட்சத்திரம் இன்னும் ஒன்றுதான். அதை மாற்றத் தெரியவில்லை என்கிறார்.

ஓர் அடுக்ககத்தின் வாட்ஸப் குரூப்பில் ஒரு பெண், மாவு புளித்துவிட்டது என்று எழுதியபோதும் இதேதான். மனைவி விளக்கம் எழுதவில்லை; புது மாவு எடுத்துக்கொண்டு நேரே போனாள். காப்பி குடித்துவிட்டு, அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்பதையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, மெக்கானிக் நம்பரும் கொடுத்து வந்தாள். அந்தப் பெண் இப்போது எங்கள் சார்பில் அந்தக் குரூப்பில் வழக்காடுகிறார்.

மச்சான் மகனின் ரீல் வீண் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி வந்தது: "அண்ணா, வீடியோ பார்த்தேன். அக்காவுக்குப் பின்னால் தெரிவது எங்க தெரு. அம்மா தனியா இருக்காங்க, முட்டி வலி. வாரத்துக்கு ரெண்டு நாள் மாவு கொண்டுபோய்க் கொடுக்க முடியுங்களா?" சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் எண்களிலிருந்தும் 2023 முதல் யுபிஐயில் பணம் அனுப்பலாம் என்பதால் காசு வந்துவிடுகிறது. மாவு கொண்டுபோவது என் வேலை. அந்த அம்மா மாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசுவார். நான் கேட்டுக்கொண்டு, அவர் நன்றாக இருக்கிறார் என்று மகனுக்கு இரண்டு வரி அனுப்புவேன். வடவள்ளியில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நிறைய. அந்த மகன் சொல்லி இன்னும் சில மகன்கள் வந்தார்கள்.

ஆகவே துபாய், டொரண்டோ, கோலாலம்பூர் நண்பர்களே, இதயமும் தீயும் கிடைத்தன, நன்றி. அடுத்த முறை அவற்றோடு உங்கள் அம்மா வீட்டுக் கதவு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.