கிடந்த மோட்டார் சைக்கிளைக் கிளப்புதல்: கந்தரோடை முறையில் ஓர் அகழாய்வு

சுன்னாகத்துக்குப் பக்கத்து ஊரான கந்தரோடையை 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலைக்காரர் வந்து தோண்டினார்கள். மண்ணை அடுக்கடுக்காக நீக்கி, எந்த அடுக்கில் எந்தக் காலத்து ஓடு கிடக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வழி. எங்கள் பின்விறாந்தையில் மூன்று வருடமாகக் கிடந்த பெரியப்பாவின் எம்.டி. 90ஐக் கிளப்ப இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. மெக்கானிக் அண்ணை வர மறுத்தது ஆய்வுக்குப் புறம்பான விடயம்.

முதலில் இலக்கணம். இலக்கணம் வல்ல குமாரசுவாமிப் புலவர் (1854–1922) பிறந்த எங்கள் சுன்னாகத்தில் இலக்கணத்தைத் தொடாமல் எஞ்சினைத் தொடுவது மரியாதையல்ல. இங்கே "சைக்கிள் ஸ்ராட் வருகுதில்லை" என்பார்கள். எழுவாய் சைக்கிள்; ஆகவே குற்றமும் சைக்கிளுடையதே. உதைத்துக் களைத்தவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. கிளம்பிய மறுகணமோ "நான் ஸ்ராட்டாக்கிப் போட்டன்" என்று எழுவாய் மாறிவிடும். தன்வினை பிறவினையாகும் இந்த விந்தைக்குப் புலவர் ஒரு சூத்திரம் செய்திருக்கக்கூடும். அவர் காலத்தில் எம்.டி. 90 வராதது தமிழுக்கு நட்டம்.

இனி அகழ்வு. மேலடுக்கில் முருங்கைச் சருகும் கோழி எச்சமும். காலம், போன கிழமை. சாக்கை நீக்கி சீற்றைத் தூக்கினால் 2022ஆம் ஆண்டு அடுக்கு. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த கியூ.ஆர். அட்டை. அந்த ஜூலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அரசாங்கம் அளந்தது. புலவர் மறைந்து சரியாக நூறாம் ஆண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒன்று இருந்தால் அழகு. அதற்குக் கீழே 2006. அந்த ஆவணியில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டு, பெற்றோல் மறுபடி விலைமதிப்புள்ள பொருளானது. எச்சமாகக் கிடைத்தது காய்ந்துபோன ஒரு ரியூப் மட்டும்.

அடுத்த அடுக்கில்தான் புதையல். ஒரு சின்னப் போத்தல், அதன் மூடியில் துளை, துளையில் சேலைன் குழாயின் துண்டு. 1990இல் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை; பற்றரியும் தடை; சவர்க்காரத்துக்கும் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய்க்கு மதம் மாறின. ஆனால் மண்ணெண்ணெய் சும்மா பற்றாது. பெற்றோல் உறைகுளிரிலும் ஆவி விடும். மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவு ஆவி விட ஏறக்குறைய 38 பாகை செல்சியசாவது வேண்டும். சுன்னாகத்துச் சித்திரை வெயிலும் அதற்குக் காணாது. எனவே போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி எஞ்சினை ஏமாற்றுவது. அது சூடேறி ஏமாந்ததும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவது. பெரியப்பா அந்தப் போத்தலைச் சுவாமி அறையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். யாரும் பிழையாக நினைக்கவில்லை. பின்னால் வெண்புகை, அந்த மணத்தை வைத்தே யார் ஒழுங்கையால் போகிறார்கள் என்று பெரியம்மா சொல்லிவிடுவா.

(துளித் துளியாய் எண்ணி ஓடிய அதே ஊரில், 2014, 2015 அளவில் கிணற்றுத் தண்ணீரில் கழிவு எண்ணெய் மிதந்தது. குடிக்கத் தண்ணீர் பௌசரில் வந்தது. தேவைப்பட்ட காலத்தில் வராமல் பிறகு கிணற்றுக்குள் வந்த எண்ணெயைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். அதற்குச் சிரிப்பு வராது.)

அடியடுக்கில் சிவப்புப் பெயின்ற். ஜப்பானில் தபால்காரர் ஓட்டுவதற்கென்று ஹொண்டா செய்த வண்டி இது. ஏதோ ஒரு ஜப்பானிய ஊருக்குக் கடிதம் கொடுத்து முடித்துத்தான் இங்கே வந்திருக்கிறது.

அகழ்வு முடிந்தது, உதை தொடங்கியது. முதல் மூன்று உதை நம்பிக்கை. நாலிலிருந்து பத்து வரை பிடிவாதம். பதினோராவதில் மதிலுக்கு மேல் ஒரு தலை தெரியும், பதினைந்தில் மூன்று. வந்தவர்கள் இரண்டு சமயத்தார். "சோக்கை இழும்" என்பவர்கள் சோக்கியர். "பிளக்கைக் கழட்டும்" என்பவர்கள் பிளக்கியர். ஆறுமுக நாவலர் காலத்துச் சமயக் கண்டனப் பிரசுரங்கள் மட்டுந்தான் குறை. சோக்கியர் சொற்கேட்டு இழுத்ததில் பிளக் நனைந்தது. பிளக்கியர் சொற்கேட்டுக் கழற்றித் துடைத்ததில் பொறி நீலமாய் அடித்தது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

உண்மை இரு சமயத்துக்கும் வெளியே இருந்தது. மூன்று வருடப் பெற்றோல் பறக்கக்கூடிய பகுதியெல்லாம் பறந்து, மிச்சம் பிசினாகியிருந்தது. காபரேற்றரின் அடித் திருகைக் கழற்றியபோது வடிந்தது சாயம் கூடின தேத்தண்ணி, மணம் வார்னிஷ். உள்ளே பைலட் ஜெற் என்ற பித்தளைத் துண்டு, நெல்லைவிடச் சற்றுப் பெரிது. ஒற்றைக் கண்ணை மூடி வெயிலுக்கு நேரே பிடித்தேன், இருட்டு. பழைய வயரை உரித்து ஒரு செப்பு இழையை நுழைத்து, ஊதி, மறுபடி பிடித்தேன். ஊசிமுனை அளவுக்கு வானம் தெரிந்தது.

இரண்டாவது உதையில் எடுத்தது. நான் ஸ்ராட்டாக்கிப் போட்டன். முதலில் வந்த புகையில் பெரியப்பாவின் காலத்து மணம் கொஞ்சம் இருந்ததென்று எழுத ஆசை. இருந்தது குளவிக்கூடு கருகிய மணம்.

குசினியிலிருந்து பெரியம்மா ஓடிவந்தா. "நிப்பாட்டிப் போடாதை மோனை, திரும்ப வராது!"

நிப்பாட்டவில்லை. இந்தக் கடைசிப் பந்தி, உறுமும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றபடி எழுதப்படுகிறது. டாங்கியில் ஊற்றியது அரை லீற்றர். இப்போது றிசேவுக்குத் திருப்பியாயிற்று. பெற்றோல் செற்றுக்குப் போகலாம். அங்கே எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுவார்கள்.