தீட்டாமல் பிறக்கும் பனிமலை

கேள்வி: பனிப்பொழிவையே காணாத கள்ளக்குறிச்சியில் பனிமலை ஓவியம் பழக முடியுமா?

பதில்: முடியும், நீர்வண்ணத்தில் பனியாகத் தோன்றுவது தூரிகை படாமல் விடப்பட்ட தாளின் வெண்மையே என்பதால், பழக வேண்டியது முதலில் கையைக் கட்டுப்படுத்துவதே ஆகும். வரைவதற்குப் பனிமலைதான் வேண்டும் என்பதும் இல்லை. 1789-இல் கார்வால் இமயப் பகுதியை வரைந்த ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும், 1792-இல் தெற்கே வந்து, சங்ககிரிக் கோட்டைக் குன்றையும் குறையாத ஈடுபாட்டோடு வரைந்தனர். இயற்கையின் பேருருவம் எழுப்பும் வியப்பைப் போற்றுவது புனைவியல் ஓவியத்தின் ஒரு போக்கு. அவ்வியப்புக்குக் கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள கல்வராயன் மலையே போதும். மழைக்காலக் காலையில் கரியாலூர்ப் பள்ளத்தாக்கில் மேகம் இறங்கும்போது, ஈரத்தாளில் வெளிர்நீலத்தைக் கசியவிட்டு, மேகத்திற்குரிய இடத்தை வெறுமையாக விடப் பழகியவருக்கு இமயமும் வசப்படும். ஆகவே, இமயத்துக்குப் பயணச்சீட்டு வாங்குமுன் நல்ல தாள் வாங்குக.