ஆயா ஆஃப்லைனில் இருக்கிறார்

மாதவரம் பொன்னியம்மன்மேட்டில் எங்கள் எதிர்வீட்டு ஆயாவுக்கு 78 வயது. மகன் டல்லாஸில் இருக்கிறார். அம்மா மேல் உயிர். முதியோரைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் ஒரு கம்பெனிக்கு மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறார். அந்தச் சந்தாவுக்கு ஒரு கைக்கடிகாரம், சுவரில் ஒரு கேமரா, பெங்களூரில் ஒரு நர்ஸ். கடிகாரம் நாடியைப் பார்க்கும். கேமரா நடையைப் பார்க்கும். நர்ஸ் திரையைப் பார்ப்பார். ஆயாவைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கை அரிக்கிறது என்று ஆயா கடிகாரத்தைக் கழற்றி பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குக் குங்குமம். "புள்ள அம்மாங்காசு போட்டு வாங்கினது, சும்மா போட்டு வைக்கலாமா?" முருகன் பக்கத்தில் அசையாமல் கிடக்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு டல்லாஸுக்குத் தினமும் தகவல் போகும்: அம்மா ஓய்வில் இருக்கிறார்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் டவரும் போனது. ஆயா வீட்டில் தண்ணீர் முட்டிக்கால் வரை. தெருப் பையன்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி எங்கள் மாடியில் இறக்கினார்கள். ஃபிரிட்ஜ் செத்துவிட்டதால் இன்சுலின் பாட்டிலை மண்பானைக்குள் வைத்து மேலே ஈரத்துணி போட்டது என் மனைவி. அவள் நர்ஸிங் படிக்கவில்லை, தையல் வேலை செய்கிறாள். நாலாம் நாள் சிக்னல் வந்தபோது மகன் போனில் அழுதார். கம்பெனி அவருக்கு அனுப்பியிருந்த செய்தியையும் படித்துக் காட்டினார்: "உங்கள் அன்புக்குரியவர் ஆஃப்லைனில் இருக்கிறார். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லவும்."

யாரிடம் சொல்வது? முருகனிடமா?

தூரத்திலிருந்து ஒன்றைக் கண்காணிக்க நமக்குத் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். வால்பாறை மலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் இருக்கிறது, 400 மெகாவாட். இராத்திரி மிச்சமிருக்கும் கரண்டைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் ஊர் விளக்குப் போடும் நேரத்தில் கீழே இறக்கிக் கரண்ட் எடுக்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு மின்சாரத்தின் அலைவெண் 50-லிருந்து இம்மி விலகினாலும் பார்த்துவிட்டு, கூட்டு குறை என்று உத்தரவு போடுகிறார்கள். இத்தனை கம்பியும் திரையும் இருந்தும் மலை மேல் ஷிப்டுக்கு ஆள் உண்டு; அவர் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைக்கிறார். திரையில் எல்லாம் தெரிகிறதே, அந்த ஆள் எதற்கு என்று ஒரு பொறியாளரிடம் கேட்டுப் பாருங்கள். டர்பைன் என்ன விலை தெரியுமா என்பார். ஆயாவுக்கு விலைப்பட்டியல் இல்லாததுதான் கோளாறு.

அவ்வளவு தூரம் ஏன், புழல் ஏரிக்கு வாருங்கள். முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, ஆழம் 21.20 அடி. அடியில் இரண்டு புள்ளி ஏறினாலும் செய்தியில் வருகிறது. உபரி நீர் திறந்தால் நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லி எச்சரிக்கை விடுகிறார்கள். தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். நல்லது. கதவைத் தட்டினால் எழுந்து வரவே பத்து நிமிஷம் ஆகும் ஒருத்தி எப்படிச் செல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது.

மாட்டுக்கு இந்தக் கவலை இல்லை. எங்கள் மாதவரம் பால் பண்ணையில்தான் 1989-ல் தொடங்கிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம். மாட்டுக்கு உடம்பு சரியில்லையென்றால் 1962-ஐ அழைக்கலாம், வண்டி தொழுவத்துக்கே வரும். வரட்டும், வாயில்லா ஜீவன். முதியோருக்கும் ஓர் எண் இருக்கிறது, 14567. காலை 8 முதல் இரவு 8 வரை. ஆகவே பெரியவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவதைத் தயவுசெய்து அலுவல் நேரத்துக்குள் வைத்துக்கொள்ளவும்.

வீடு தேடி வந்து கையைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் பிரஷர் கருவியும் மாத்திரையுமாகப் படியேறி வருகிறார். அந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கொடுத்தது. படியேறுகிற பெண்ணுக்கு நாம் கொடுத்தது 'தன்னார்வலர்' என்ற பட்டம். தன்னார்வலருக்குச் சம்பளம் கேட்க வழியில்லை, ஊக்கத்தொகைதான். தமிழில் இவ்வளவு சிக்கனமான சொல்லைக் கண்டுபிடித்தவருக்குத் தனியாக ஒரு விருது தரலாம்.

ஒன்றிய அரசின் சிக்கனம் இன்னும் பிரமாதம். 2007-ல் முதியோர் ஓய்வூதியத்துக்கு இந்திரா காந்தி பெயரை வைத்தபோது 65 வயதுக்காரருக்கு அதன் பங்கு மாதம் 200 ரூபாய். பால், அரிசி, ஆட்டோ எல்லாம் ஏறின. 200 மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, பூஜை அலமாரிக் கடிகாரம் மாதிரி. மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து 2023 ஆகஸ்டில் 1,200 ஆக்கியது. ஆயாவின் கடிகாரத்தைப் போய் விசாரியுங்கள், அதற்கு ஒரு வார் மாற்றவே பாதி போய்விடும்.

அக்டோபரில் மழை வரும். மாநகராட்சி மாதவரம் மண்டல அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அதற்குள் தனியாக இருக்கும் கிழவன் கிழவிகளின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு வார்டிலும் இருக்கட்டும். யார் இன்சுலின் போடுகிறார், யாரால் படியேற முடியாது என்று அதில் எழுதுங்கள். தண்ணீர் திறக்கும் முன் எந்த வீட்டுக்கு யார் போய்த் தூக்குவது என்பதையும் எழுதுங்கள். போகிறவருக்குச் சம்பளம் கொடுங்கள். பட்டியலின் முதல் பெயரை நானே வந்து தருகிறேன்.