பிரேக் எடுத்தவர்

வேலை போனவரைச் சொல்லவில்லை. அவர் ஸ்டேட்டஸ் போடமாட்டார், இஎம்ஐக்கு ஓடிக்கொண்டிருப்பார். இவர் ‘பிரேக்’ எடுத்தவர். வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் வேண்டாமா என்று ஓஎம்ஆர் கம்பெனியில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்த மறுநாளே வாட்ஸ்அப்பில் எண்ணிக்கை தொடங்கிவிடும். ‘நாள் 1: அலாரம் இல்லாத காலை.’ போட்ட நேரம் 5.02. ‘நாள் 4: போனுக்கு முழுக்கு.’ எதில் தட்டினார் என்று கேட்கக் கூடாது. ‘நாள் 6: இன்று எதுவுமே செய்யவில்லை.’ அதற்கு ஐந்து படங்கள். ‘நாள் 9: கிரிவலம். 14 கிலோமீட்டர், 19 ஆயிரத்துச் சொச்சம் ஸ்டெப்ஸ், 2 மணி 50 நிமிடம்.’ அருணாசலேஸ்வரருக்கே கேபிஐ போட்டாயிற்று. வழியில் இருக்கும் எட்டு லிங்கங்களில் எதன் முன்னாவது நின்றாரா என்ற விவரம் அறிக்கையில் இல்லை. ஆபீஸில் ஒரு மேனேஜருக்கு அனுப்பிய டெய்லி ரிப்போர்ட்டை இப்போது முந்நூறு பேருக்கு அனுப்புகிறார். இதில் எந்த வேலையிலிருந்து விடுப்பு என்பதுதான் என் கேள்வி.

எழுதி வைத்தால்தானே ஒழுங்கு வரும் என்பார்கள். நியூயார்க்கில் ஸ்டெஃபான் ஸாக்மைஸ்டர் என்ற வடிவமைப்பாளர் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஸ்டூடியோவை ஒரு வருடம் மூடுகிறவர். அவரே முதல் தடவை திட்டமில்லாமல் உட்கார்ந்து, பொழுது சில்லறை வேலைகளில் கரைவதைப் பார்த்துவிட்டு அட்டவணை போட்டுக்கொண்டவர்தான். வாஸ்தவம். ஆனால் அந்த அட்டவணை அவருக்கு. கடையையும் நிஜமாகவே பூட்டினார். நம்மவர் கடையைச் சாத்திவிட்டு வாசலில் நின்று ‘கடை லீவு, கடை லீவு’ என்று கூவுகிறார். 1896-இல் மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயதுப் பையன் இதே திருவண்ணாமலைக்குத்தான் போனான். வீட்டில் வைத்துவிட்டுப் போனது நாலைந்து வரிச் சீட்டு, அண்ணனின் காலேஜ் ஃபீஸில் எடுத்தது போக மீதி 2 ரூபாய். சீட்டில் கையெழுத்துகூடக் கிடையாது, வெறும் கோடு. ரமணர் 1950 வரை அங்கேயே இருந்தார். ஸ்டேட்டஸ் போட்டிருந்தால் ‘நாள் 19,000’ தாண்டியிருக்கும்.

பொறாமையில் பேசுகிறாய் என்றால், இருக்கட்டும். களைத்தவர் ஓய்வெடுப்பதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? ஆனால் அவர் விட்டுப்போன டிக்கெட்டுகளை நைட் ஷிஃப்டில் சேர்த்துப் பார்க்கிற பையன்களுக்கு நாள் நம்பர் கிடையாது. ‘நாள் 12: மெதுவாகச் சாப்பிடப் பழகுகிறேன்’ என்று தோசையைப் படமெடுக்கிறாரே, அடுத்த தோசையைக் கல்லில் ஊற்றிவிட்டு, இதை அவர் எப்போது முடிப்பார் என்று திருப்பியோடு நிற்கிறவர் அந்தப் படத்தில் இல்லை. முன்பு காலை ஏழரைக்கு கேப் வந்தால் அந்த அடுப்படி ஓயும். இப்போது பதினொன்றுக்கு இஞ்சி டீ, நாலு மணிக்குச் சுக்குக் காப்பி. அந்தம்மாவின் பிரேக்கை இவருடைய பிரேக் தின்றுவிட்டது. இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை.

நாற்பதாம் நாள் வாக்கில் ஒருநாள் எண்ணிக்கை தவறும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பனியனோடு ஊஞ்சலில் சாய்ந்தவர், தன்னையறிதல் பற்றிய புத்தகம் பன்னிரண்டாம் பக்கத்தில் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடக்க, வாயைத் திறந்துகொண்டு விளக்கு வைக்கும்வரை தூங்கிப்போவார். போன் எங்கோ மெத்தைக்கடியில் அதிர்ந்து ஓயும். பார்க்கவே பாவமாக, குழந்தை மாதிரி இருக்கும். மறுநாள் காலை 5.02-க்கு ஸ்டேட்டஸ் வந்துவிடும்: ‘நாள் 41, 42. நேற்று புரொடக்டிவாக இல்லை. மன்னிக்கவும்.’