எதுக்காவது ஆகும்: வெட்டுத்துணியின் தோற்றம், பெருக்கம், பயன் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழ் ஆய்வுலகம் கல்வெட்டைப் படித்தது, செப்பேட்டைப் படித்தது, கீழடியின் பானை ஓட்டுக் கீறலைக்கூட விட்டுவைக்கவில்லை. பீரோவின் அடித்தட்டில் ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் திணித்து வைத்திருக்கும் வெட்டுத்துணிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. இத்தனைக்கும் அது இல்லாத வீடு இல்லை. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "எதுக்காவது ஆகும்." ஒரு கோட்பாடு இவ்வளவு பரவலாக நம்பப்பட்டும் இதுவரை எவரும் அதைச் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெட்டுத்துணி உண்மையில் எதற்காவது ஆகிறதா என்பது இவ்வாய்வின் முதல் கேள்வி. ஆகிறது என்றால், அப்படித் தைத்த பொருள் இலவசமாகக் கிடைத்ததுதானா என்பது இரண்டாம் கேள்வி. முதலாவதற்கு விடை எளிது. இரண்டாவதுதான் ஆய்வாளரைத் தூங்கவிடவில்லை.

2. வரையறையும் வகைகளும்

தூக்கிப் போட மனம் வராத அளவுக்குப் பெரிதாகவும், உருப்படியாக எதையும் தைக்க முடியாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்கும் துணியே வெட்டுத்துணி. இவ்விரு எல்லைகளும் வீட்டுக்கு வீடு மாறும். மாமியார் வந்து தங்கும் நாட்களில் கீழ் எல்லை இன்னும் இறங்குவதும் உண்டு.

வகைகள் வருமாறு:

அ) *கழுத்துப் பிறை.* ஜாக்கெட் கழுத்தை வெட்டும்போது கழன்று விழுவது. பார்க்க அழகு. இதில் எதையாவது தைத்து முடித்தவர் அகப்படவில்லை.

ஆ) *ஜரிகைத் துண்டு.* பட்டுப்புடவை ஜாக்கெட்டின் மிச்சம். ஜரிகை இருப்பதால் எறியக்கூடாது, பட்டு என்பதால் துவைக்கவும் யோசிக்க வேண்டும். ஆகவே எந்த வேலையும் கொடுக்காமல் மரியாதையோடு வைத்திருக்கப்படுவது.

இ) *கால் வளையம்.* ரெடிமேட் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கையில் பிறப்பது. எப்போதும் இரட்டைப் பிறவி. கெட்டித் துணி, எதற்கும் தாங்கும். வெட்டுத்துணிக் குலத்தில் உழைப்பாளி இதுவே.

ஈ) *சீருடைத் துண்டு.* பிள்ளை பள்ளியை முடித்து வேலைக்கே போயிருப்பான். கட்டம் போட்ட துண்டு மட்டும் இன்னும் அதே வகுப்பில் இருக்கும்.

உ) *பனியன் வேஸ்ட்.* திருப்பூரின் கொடை. பின்னலாடை ஆலைகளில் வெட்டுமேசையிலிருந்து விழுவது மூட்டை மூட்டையாக விலைக்குப் போகும். லாரி ஷெட்டிலும் லேத் பட்டறையிலும் எண்ணெய்க் கை துடைக்கும் துணி பெரும்பாலும் இதுதான்.

3. உடைமைச் சிக்கல்

துணி வாடிக்கையாளருடையது, கத்தரி டெய்லருடையது. இரண்டுக்கும் நடுவே விழும் துண்டு யாருடையது? பெரும்பாலான தையற்கடைகளில் இவ்வழக்கு இரண்டே வரிகளில் முடிந்துவிடும்.

"அண்ணே, மிச்சத்துணி?"

"அளவாத்தான்மா இருந்துச்சு. ஒண்ணும் மிஞ்சலை."

புடவையோடு வரும் ஜாக்கெட் பிட் வழக்கமாக 80 செ.மீ. நீளம். ஆள் சற்றுப் பருமனாக இருந்து, முழங்கை வரை கையும் வைத்தால் உண்மையிலேயே ஒன்றும் மிஞ்சாது. மெலிந்த ஆள், குட்டைக் கை என்றால் கட்டாயம் மிஞ்சும். டெய்லரின் முக்காலி மெத்தையைக் கூர்ந்து பார்த்தால் அந்தத் தெருவிலுள்ள அத்தனை ஜாக்கெட்டுகளின் நிறமும் அதில் இருக்கும். நேர்மையான கடைகள் மிச்சத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்துத் தருகின்றன. அந்த மிச்சம்தான் பின்னர் பீரோவின் அடித்தட்டுக்குக் குடிபோகிறது.

4. இலக்கியச் சான்றுகள்

பொருநராற்றுப்படையில் கரிகாலன், தன்னைத் தேடி வந்த பொருநனின் உடையைப் பார்க்கிறான். அது ஈரும் பேனும் குடியிருக்கும், வியர்வையில் நனைந்த, வேற்று நூலால் ஒட்டுப்போட்டுத் தைத்த கந்தை. அதை நீக்கிவிட்டுப் பாம்புச்சட்டை போன்ற நுண்ணிய துணியைத் தருகிறான். உரையாசிரியர்கள் புதுத்துணியின் மென்மையை வியந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். நீக்கிய கந்தை எங்கே போனது என்பதே நம் கேள்வி. அரண்மனை மடைப்பள்ளியில் பானை இறக்கும் ஒருவர் அதை வெந்நீரில் அலசி எடுத்துப் போயிருப்பார் என்பது இவ்வாய்வின் துணிபு. சான்று இல்லை. ஆனால் மடைப்பள்ளிகளின் இயல்பை அறிந்தவர் மறுக்கமாட்டார்.

சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் தையற்காரர்கள் இருந்தார்கள். துணியாலும் நெட்டியாலும் பல கைவேலைகள் செய்தவர்களும் அவர்களுக்குப் பக்கத்திலேயே பேசப்படுகிறார்கள். முழுத்துணியை வெட்டிக் கைவேலை செய்யும் அளவுக்கு எவரும் செல்வராக இருந்திருக்க முடியாது. எனவே பக்கத்துத் தையற்கடையின் மிச்சம் அவர்களுக்குப் போயிருக்க வேண்டும். தஞ்சைப் பகுதியில் தேருக்கும் கோயிலுக்கும் தைக்கும் தொம்பைகளில், வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் அந்தக் கை இன்றும் இருக்கிறது.

இருப்பதில் வலுவான சான்று பௌத்தத்தில் கிடைக்கிறது. மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடப்பதைக் காட்டி, அதுபோலத் துறவிகளின் ஆடையை அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக விநய பிடகத்தின் மகாவக்கம் சொல்கிறது. ஆனந்தர் அமைத்துத் தந்தார். அப்படி அறுத்துத் தைத்த ஆடை துறவிக்குத் தகும், பிறர் அதற்கு ஆசைப்படவும் மாட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். ஒட்டுத்துணியை எவரும் திருடமாட்டார்கள் என்னும் பொருளாதார உண்மை இவ்வாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது.

5. விதிகள்

*சுருக்க விதி.* சதுரத்தின் நான்கு பக்கமும் தையலுக்கு 1 செ.மீ. விட வேண்டும். 20 செ.மீ. சதுரம் தைத்தபின் 18 செ.மீ. ஆகும், பரப்பில் 81 சதவீதம் மிஞ்சும். 10 செ.மீ. சதுரம் 8 ஆகும். மிஞ்சுவது 64 சதவீதம். 5 செ.மீ. சதுரம் 3 ஆகும். மிஞ்சுவது 36 சதவீதம். 2 செ.மீ. சதுரத்தை முறைப்படி தைத்தால் ஒன்றும் மிஞ்சாது. அதைத் தைத்தவருக்கு வேதாந்தம் மட்டும் கிடைக்கும்.

*பெருக்க விதி.* வெட்டுத்துணியில் தைத்தால் வெட்டுத்துணி குறையாது. ஓரம் சீர்செய்யும்போது விழும் துண்டு தனி. உள்ளே கொடுக்க லைனிங், ஓரம் கட்டப் பட்டி என்று கடையில் அரை மீட்டர் வாங்கினால் அதிலும் கால் மீட்டர் மிஞ்சும். அது பைக்குள் போகும். பை நிரம்பியதும் வெட்டுத்துணியிலேயே பெரிய பை ஒன்று தைத்து, மிச்சத்தை அதற்குள் மாற்றுவார்கள்.

*இழை விதி.* நேர் இழையும் கிராஸும் சேர்ந்தால் சண்டை. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய துண்டு இழுபடும், நேர் இழைத் துண்டு அசையாது. இரண்டையும் இணைத்தால் பை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். துவைக்காத புதுப் பருத்தியைப் பலமுறை துவைத்த துணியோடு சேர்த்தாலும் முதல் சலவையில் இதே கதிதான். புதியது சுருங்கும், பழையது சுருங்காது. தைக்கும் முன் எல்லாத் துண்டுகளையும் நனைத்துக் காயவைத்தவர்களே இவ்விதியிலிருந்து தப்பியவர்கள்.

6. பயன்பொருட்கள்: ஒப்பாய்வு

*பிடிதுணி.* 20 செ.மீ. சதுரத்தில் நான்கு அடுக்கு பருத்தி, குறுக்கும் நெடுக்கும் இரண்டு தையல், மூலையில் மாட்ட ஒரு நாடா. பாலியஸ்டரை இதில் சேர்க்கவே கூடாது. சூடான வாணலியில் அது உருகும், கையில் ஒட்டினால் கொப்புளம்தான். இப்பொருளில் ஒரு முரண் காணப்படுகிறது. அழகாக அமைந்த பிடிதுணி ஒருபோதும் பயன்பாட்டுக்கு வராது. "இதுல போய் கரி படணுமா" என்று அதை ஆணியில் மாட்டிவிட்டு, பாலை முந்தானையால் இறக்குவார்கள்.

*பை.* கால் வளையங்களைப் பிரித்து இணைத்தால் 40 செ.மீ. அகலப் பை கிடைக்கும். பை கிழிவது உடம்பில் அல்ல, கைப்பிடி சேரும் இடத்தில். அங்கே ஒரு சின்னச் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைத்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கத்தையே தொடங்கியது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைப் பல ஆண்டுகளாக மடித்து வைத்திருந்த பாட்டிமார்கள் இதை வெற்றிப் புன்னகையோடு வரவேற்றார்கள்.

*கால்மிதி.* பனியன் துணியின் ஓரம் பிசிறாது, சுருண்டுகொள்ளும். அதுவே இங்கே வசதி. மூன்று விரல் அகல நாடாக்களாக வெட்டி, சடைபோலப் பின்னி, வட்டமாகச் சுற்றிக் கைத்தையல் போட்டால் போதும். மிஷின் இல்லாதவரும் செய்யலாம். பருத்தியாக இருந்தால் ஈரம் உறிஞ்சும். வழுவழு நைலானாக இருந்தால் மிதித்தவரைத்தான் இழுத்துச் செல்லும்.

*போர்வை.* இதற்குத் தனி இயல் வேண்டும்.

7. செலவுக் கணக்கு

10 செ.மீ. சதுரங்களால் 152 செ.மீ. அகலம், 208 செ.மீ. நீளம் கொண்ட போர்வை தைப்பதாகக் கொள்வோம். தைத்தபின் ஒவ்வொன்றும் 8 செ.மீ. ஆவதால் வரிசைக்கு 19 வீதம் 26 வரிசை. மொத்தம் 494 சதுரங்கள். உள்ளே போகும் துணி 4.94 சதுர மீட்டர், வெளியே தெரிவது 3.16. மீதி தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். இணைப்புத் தையலின் மொத்த நீளம் 75 மீட்டருக்கு மேல். செ.மீ.க்கு 4 தையல் என்றால் ஏறத்தாழ 30,000 தடவை ஊசி இறங்கி ஏற வேண்டும். மேலும் கீழும் ஓடும் நூல் தையல் நீளத்தைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. அது 190 மீட்டரை நெருங்கும். வெட்டுவது, நிறம் பார்த்து அடுக்குவது, கோணிய வரிசையைப் பிரித்து மறுபடி தைப்பது, லைனிங் கொடுப்பது எதுவும் இதில் சேரவில்லை.

இவ்வளவுக்கும் கையில் எடுத்துக் கொடுக்கும்போது தைத்தவர் சொல்வது: "சும்மா இருந்த நேரத்துல தைச்சது." எந்த நேரம் அது? சோறு வடித்தபின், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், மத்தியானக் கண் அயரும் முன். அந்த நேரத்தைக் கணக்கில் எழுதாததால்தான் போர்வை இலவசமாகத் தெரிகிறது.

பிற இடங்களின் சான்றுகளும் இதையே காட்டுகின்றன. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்து காந்தா ஆக்கினார்கள். துணிக்கும் காசில்லை, நூலுக்கும் காசில்லை, கைக்கும் காசில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்னும் ஊர்க் கறுப்பினப் பெண்கள், வயல்வேலையில் நைந்த உடைகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-இல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின. ஓவியங்களை மதிப்பிடுகிறவர்கள் அவற்றை நவீன ஓவியங்களுக்கு நிகராகப் பேசினார்கள். மேலே போர்த்தியிருந்த வரை மிச்சத்துணி. சுவரில் தொங்கியதும் கலை. இடையில் ஒரு தையல்கூடக் கூடவில்லை.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று: வெட்டுத்துணி எதற்காவது ஆகும் என்னும் கோட்பாடு மெய்யே. துண்டு 2 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குப் பொறுமை அதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

இரண்டு: சேமிப்புக்காகத் தைப்பவர்கள் பெரிய துண்டில் சிறிய பொருளைத் தைக்கட்டும். பிடிதுணியும் பையும் கணக்குக்குக் கட்டுப்படும். போர்வை ஆசைக்குத் தைப்பது. அதைச் சிக்கனம் என்று பெயரிட்டு வீட்டாரையும் தன்னையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

மூன்று: கழுத்துப் பிறைகளைப் பற்றிய ஆய்வு தொடர்கிறது. அதுவரை எறிய வேண்டாம்.

நான்கு: வெட்டுத்துணியில் தைத்த எதையும் கையில் வாங்கும்போது "மிச்சத்துல தைச்சதுதானே" என்று எவரும் சொல்லக்கூடாது. மீறிச் சொல்பவரை மிஷின் முன்னால் உட்காரவைத்து, பாபினில் நூல் சுற்றிக் கொடுத்து, 494-இல் முதல் இரண்டு சதுரங்களை மூலை பிசகாமல் இணைக்கச் சொல்ல வேண்டும். மீதி 492-க்கான கூலியை அவரே வாய்திறந்து சொல்லிவிடுவார்.