கியர்ப் புணர்ச்சி: ஓர் இலக்கண ஆய்வு

இந்தத் தலைப்பில் ப் மிகுமா மிகாதா என்று யோசித்ததிலேயே இரண்டு நாள் போயிற்று. மிகும் என்று முடிவு கட்டிய அன்றைக்குத்தான் என் வண்டியிலும் ஒன்று மிக ஆரம்பித்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போதெல்லாம் நடுவே 'கடக்' என்றொரு ஓசை. வாழையோடு பழம் சேரும்போது எங்கிருந்தோ ஒரு ப் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதுபோல. முப்பது வருடம் புணர்ச்சி விதி நடத்திய எனக்கு இது தற்செயலாகப் படவில்லை.

பவணந்தி முனிவர் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்குச் சான்றில்லை. ஆனால் ஓட்டாதவர் நன்னூலில் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று விகாரங்களையும் அவ்வளவு துல்லியமாகப் பிரித்திருக்க முடியுமா என்பது ஆய்வுக்குரியது. ஓடிக்கொண்டிருக்கும் கியர் நிலைமொழி. மிதித்து வரவழைப்பது வருமொழி. இரண்டும் சத்தமில்லாமல் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. புது வண்டி வாங்கிய முதல் மூன்று மாதம் இது கேட்கும், அதாவது கேட்காது. 'கடக்' வந்தால் தோன்றல். இரண்டாவது கியரைக் கேட்டு மிதிக்க, நியூட்ரல் வந்து நின்று, எஞ்சின் மட்டும் கத்தி, பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் நம் பரம்பரையை விசாரித்தால் திரிதல். மிதித்த மிதிக்கு எதுவுமே விழாவிட்டால் கெடுதல். கியர் பாக்ஸைப் பிரித்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கும் அல்லது பல் மழுங்கியிருக்கும். இதற்கு விதி கிடையாது, பில் மட்டும் உண்டு.

தோன்றல் எல்லாமே நோயல்ல. காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்து முதல் கியர் போட்டால் ஒரு 'டக்' வரத்தான் செய்யும். ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறிய கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எஞ்சின் பக்கத்துத் தண்டு சுழல்கிறது, சக்கரத்துப் பக்கத்துத் தண்டு நிற்கிறது. சுழல்வதும் நிற்பதும் சந்தித்தால் ஓர் ஒலி எழும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை நாலடி தள்ளினால் பிளேட்டுகள் பிரிந்து அந்த ஒலியும் பாதியாகும். ஐடிலிங்கை ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு இரட்டிப்பாகும்.

கியர் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, பிறகு போய்க் கடித்துக்கொள்கின்றன என்று ஊரே நம்புகிறது. அப்படியல்ல. மோட்டார் சைக்கிளில் எல்லா ஜோடிப் பல்சக்கரங்களும் எப்போதும் கடித்தபடியேதான் சுழல்கின்றன. நாம் மிதிக்கும்போது நகர்வது சக்கரத்தின் பக்கவாட்டில் முளைத்திருக்கும் நாலைந்து கட்டைப் பற்கள். அவை அடுத்த சக்கரத்தின் குழியில் போய்ச் செருகிக்கொள்ள வேண்டும். எஞ்சினின் விசை மேலே அழுத்திக்கொண்டிருக்கும்வரை அவை நகராது. ஒரு கண்ணிமைப் பொழுது அந்த விசையை விலக்கிக் கொடுக்க ஒருவர் வேண்டும். இலக்கணத்தில் ஒரு மாத்திரை என்பதும் கண்ணிமைப் பொழுதுதான்.

அந்த ஒருவர் கிளட்ச். உயிரும் உயிரும் நேராகச் சேராது, ய் அல்லது வ் இடையில் வந்து உடன்படுத்தும் என்கிறோமே, அந்த உடம்படுமெய்தான் இது. ஆகவே கியர் முரடாக விழுகிறது என்று காலைத் திட்டுபவர் அனைவரும் பிழைபட்டவர். குற்றம் இடது கையில் இருக்கிறது. இன்னும் நெருங்கிப் பார்த்தால், கைக்கும் கிளட்சுக்கும் நடுவே ஓடும் வயரில் இருக்கிறது.

கிளட்ச் லிவரின் நுனியை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வர வேண்டும். பெரும்பாலான நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகளுக்கு இதுதான் கணக்கு. இதை மெக்கானிக்குகள் 'பிளே' என்பார்கள். பிளே கூடிவிட்டால் லிவரை முழுதும் பிடித்தாலும் பிளேட்டுகள் முழுதும் பிரியாது. விசை கசிந்துகொண்டே இருக்கும். கியர் முரண்டு பிடிக்கும், நியூட்ரல் விழாது, சிக்னலில் கிளட்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கும். பிளே இல்லவே இல்லையென்றால், லிவரை விட்ட பிறகும் பிளேட்டுகள் முழுதும் சேராது. வண்டி நிரந்தரமாக ஹாஃப் கிளட்சில் ஓடும். முழு மாத்திரை ஒலிக்க வேண்டியது அரை மாத்திரையாய்க் குறுகிப்போனால் அது குற்றியலுகரம். 'நாடு', 'காசு' என்ற சொற்களுக்கு அது அழகு. கிளட்ச் பிளேட்டுக்கு அல்ல.

இங்கே ஆய்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. ஆய்தம் உயிருமல்ல, மெய்யுமல்ல. தனிநிலை என்றே அதற்கொரு பெயர். முன்னால் ஒரு குறிலும் பின்னால் ஒரு வல்லினமும் இருந்தால்தான் வரும். நியூட்ரலும் அப்படியே: குட்டையான முதல் கியருக்கும் வேகத்தில் அதைவிட வலுத்த இரண்டாவதுக்கும் நடுவே, அரை மிதியில், புள்ளி வைத்தாற்போல் ஒளிந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டுகளில் பாதி எதனால் ஆனவை? எஃகு. அந்தச் சொல்லின் நடுவில் உட்கார்ந்திருப்பது யார் என்று கவனிக்க. பழைய புல்லட்டில் இந்த ஆய்தத்துக்கென்றே ஒரு தனி மிதி உண்டு. இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தாலும் ஒரே அழுத்தில் நியூட்ரல். மைசூரில் பிறந்த யெஸ்டியில் உதைக்கும் கட்டையும் கியர் கட்டையும் ஒன்றே. பலபொருள் ஒருசொல் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைப் பாடநூலில் நான் கண்டதில்லை.

இனி களப்பணி. என் வண்டியின் 'கடக்' நீங்க ஒரு மெக்கானிக்கிடம் போனேன். மெக்கானிக்குகளில் லூஸ் மரபு, டைட் மரபு என இரு பள்ளிகள் உண்டு. இந்தத் தம்பி தீவிர டைட் மரபினர். இரண்டு பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு குனிந்தவர், எழுந்தபோது லிவரில் பிளே என்பதே இல்லை. "வெண்ணெய் மாதிரி விழும்ணா இனிமே" என்றார். விழுந்தது. நாமக்கல் வரை இயல்பு புணர்ச்சி. அந்த மகிழ்ச்சியில் கொல்லிமலைக்குத் திருப்பினேன்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபத்து மூன்றாவதில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக அலறல்தான் ஏறியது. பிறகு அந்த வாசனை வந்தது: கருகிய கட்டிங் பேப்பரும் பழைய செருப்பும் கலந்தது போல. ஒரே அம்பில் ஐந்து விலங்குகளை வீழ்த்தினான் என்று வல்வில் ஓரியைப் புறநானூறு பாடிய மலை அது. அங்கே என்னால் ஒரு வளைவைக்கூட வெல்ல முடியவில்லை.

அப்போது பின்னால் அரிசி மூட்டையோடு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் ஏறி வந்தது. அதில் கிளட்ச் லிவர் கிடையாது, மாற்ற கியரும் கிடையாது. எஞ்சின் வேகம் கூடினால் உள்ளே கட்டைகள் தானே விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். புணர்ச்சியே இல்லாத மொழி. ஓட்டி வந்த பெரியவர் என்னைத் தாண்டி, நின்று, மூக்கை உறிஞ்சினார்.

"கிளட்சுங்களா?"

"எப்படிங்க தெரியும்?"

"அஞ்சு வளைவுக்கு முன்னாலேயே வாசம் வந்துருச்சுங்களே."

"ஆறட்டுங்க" என்று கால் மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு லிவர் பக்கத்து ரப்பரைத் தள்ளிவிட்டு, வயர் முனையில் இருந்த மறையைக் கையாலேயே மூன்று சுற்று உள்ளே திருகினார். லிவர் நுனியை விரலால் ஆட்டினார். ஒரு ரூபாய்க் காசைவிடக் குறைவாகத்தான் ஆடியது. இன்னும் அரைச் சுற்று. ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்து ஆட்டினார், வலப்பக்கம் ஒடித்து ஆட்டினார். இரண்டிலும் ஒரே அளவு.

"ஆயில் என்னங்க ஊத்துறீங்க?"

சொன்னேன். ஒரு தடவை அவசரத்துக்குக் கார் ஆயில் ஊற்றியதையும் மறைக்கவில்லை. அவர் கண்ணை மூடித் திறந்தார். கார் ஆயிலில் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் சரக்கு, ஆயிலிலேயே முங்கிக் கிடக்கும் பைக் கிளட்சை வழுக்கவிடும். அதனால்தான் டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பான்காரர்கள் 1998 முதல் இதற்கென்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பின்னர் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டது. அவர் சொன்னது "பிளேட்டு போயிருக்கும், கீழ போயி மாத்திருங்க. மெதுவா உருட்டிட்டுப் போங்க" என்பது மட்டும்.

வண்டியைத் திருப்பி முதல் கியர் போட்டேன். 'டக்'. அந்த ஒலி அவ்வளவு இனிமையாக அதுவரை கேட்டதில்லை.

"என்ன வேலைங்க பாக்குறீங்க?" என்றார் பெரியவர், எக்ஸ்எல்லை மிதித்துக்கொண்டே.

"தமிழ் வாத்தியாருங்க."

"அதாங்க பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு இருபத்து நாலாவது வளைவில் மறைந்தார். இத்தொடருக்கு இதுவரை மூன்று உரைகள் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றுமே எனக்குச் சாதகமாக இல்லை.